நீதிமானாக்குதல்: இந்த 'ஆக்கு' என்ன ஆக்கு?

தேரிக்காடு:

எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு (முதல் நற்கருணைக்கு முன் பிள்ளைகளுக்கு நடத்தும் வேத வகுப்பு) எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். போன ஞாயிறு, அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம், ரோமர் 3:28. "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறானென்று தீர்க்கிறோம்." போர்டில் எழுதிப்போட்டுவிட்டு, எனக்குச் சொல்லித்தந்தபடியே விளக்கினேன். தேவன் நம்மை உள்ளுக்குள் மாற்றுவதைப் பற்றி பவுல் இங்கே பேசவில்லை, நீதிமான் என்று தீர்ப்புச் சொல்வதைப் பற்றிப் பேசுகிறார், கோர்ட்டில் ஜட்ஜ் விடுதலை சொல்கிற மாதிரி என்றேன்.

பின்வரிசையில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "அண்ணே, ஆக்குறதுன்னா சோறு ஆக்குறதுதானே? அரிசியைப் பார்த்து நீ சோறுன்னு தீர்ப்புச் சொன்னா அது சோறாயிருமா?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. தீர்ப்புச் சொல்வதுதான் பொருள் என்றால் நம் வேதாகமம் ஏன் 'ஆக்கு' என்கிறது? கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டுகளும் பிரிந்த லூத்தர் காலத்துச் சண்டையே இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்கிறார் எங்கள் சபைப் போதகர் ஐயர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

குறுக்குக்கேள்வி:

இந்தத் தலைப்பில் இழை திறந்துவிட்டு "சண்டை வேண்டாம்" என்கிறீர்களே, உங்கள் விசுவாசம் பெரியது.

பழஞ்சுவடி:

அந்தப் பையனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குத் திருச்சபையில் ஏறக்குறைய ஆயிரம் வருடம் பெரிதாக எழாமல் இருந்த கேள்வியை அவன் கேட்டிருக்கிறான்.

பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல் 'டிக்காயோ'. லத்தீனுக்கு வந்தபோது அது 'யுஸ்திஃபிகாரே' ஆயிற்று. அதன் பின்பாதி 'செய்', 'ஆக்கு' என்ற வினையிலிருந்து பிறந்தது. அதாவது நம் 'நீதிமானாக்கு' லத்தீன் சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. மேற்குத் திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீனுக்குக் கிரேக்கம் அவ்வளவாக வராது, லத்தீனில்தான் அவர் யோசித்தார். 412-இல் ஆவியையும் எழுத்தையும் பற்றி எழுதிய நூலில், நீதிமானாக்கப்பட்டவர்கள் என்றால் நீதிமான்களாக ஆக்கப்பட்டவர்கள், வேறென்ன என்று கேட்டுவிட்டார். அதே இடத்தில், நீதிமான்களாக எண்ணப்படுவார்கள் என்றும் பொருள் கொள்ளலாம் என்று ஒரு வரி விட்டுவைத்தார். ஆனால் இடைக்காலத்தில் வளர்ந்தது முதல் பொருள்தான். நோயாளி மருந்து குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவதைப் போல, கடவுளின் அருள் மனிதனுக்குள் ஊற்றப்பட்டு அவனை நல்லவனாக்குகிறது. 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸுக்கு இந்த அருள் முழுக்க முழுக்கக் கடவுளின் கொடை. அவர் கிரியையால் இரட்சிப்பு போதித்தார் என்று நம் பிரசங்கங்களில் சொல்வது அநியாயம்.

சிக்கல் இடைக்காலத்தின் கடைசியில் வந்தது. கேப்ரியல் பீல் போன்ற இறையியலாளர்கள், மனிதன் தன்னால் ஆனதைச் செய்தால் கடவுள் அருளை மறுக்கமாட்டார் என்றார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் இரவு படுக்கையில் "என்னால் ஆனதை முழுதாகச் செய்தேனா?" என்று கேட்டுப் பாருங்கள். லூத்தர் என்ற துறவி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

1545-இல், சாவதற்கு முந்திய வருடம், தன் லத்தீன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார். ரோமர் 1:17-இல் வரும் 'தேவநீதி' என்ற சொல்லை வெறுத்தாராம். நீதியுள்ள கடவுள் பாவியைத் தண்டிக்கிற நீதி என்றே அதற்குப் பொருள் படித்திருந்தார். இரவும் பகலும் அந்த வசனத்தை முட்டிமுட்டி, அது கடவுள் நமக்குக் கொடுக்கிற நீதி என்று புரிந்தபோது பரலோகத்தின் கதவு திறந்தது போல் இருந்தது என்கிறார். அதன்பின் அகுஸ்தீனின் அந்த நூலை எடுத்துப் படித்தால் அவரும் அப்படியே சொல்லியிருக்கிறார்! ஆனால் கடவுள் நீதியை நம் கணக்கில் எண்ணுவதைப் பற்றி அகுஸ்தீன் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் ஒரு குறையை அங்கேயே எழுதிவைத்தார் லூத்தர். உங்கள் பையன் நிற்கும் இடம் அதுதான்.

மணியோசை:

நான் கத்தோலிக்கர், பங்கில் மறைக்கல்வி எடுப்பவள். அந்தத் தம்பியை எங்கள் பக்கம் அனுப்பிவிடுங்கள் :)

அவன் சொன்னதைத்தான் நாங்கள் நானூறு ஐந்நூறு வருடமாகச் சொல்லி வருகிறோம். கடவுள் ஒருவரை நீதியுள்ளவர் என்று சொல்லிவிட்டு அவரை அழுக்காகவே விட்டுவைப்பாரா? சாணிக்குவியல் மேல் பனி பெய்து மூடியது போல என்று லூத்தரே சொன்னாராமே. மூடினால் சாணி சாணிதான்.

கிரேக்கக்காரி:

மணியோசை அக்கா, அந்தச் சாணி வாக்கியத்தை லூத்தர் தலையில் எல்லோரும் கட்டுகிறார்கள். தேடிப் பார்த்தவர்கள் அவர் எழுத்தில் கண்டெடுக்கவில்லை. 1515-16-இல் ரோமர் நிருபத்துக்கு நடத்திய பாடத்தில் அவர் சொன்ன உவமை வேறு, அழகானது. ஒரு நோயாளி. நிச்சயம் குணமாக்குகிறேன் என்று மருத்துவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நோயாளி அதை நம்பி மருந்து எடுக்கிறார். இவர் நோயாளியா, சுகமானவரா? உடம்பைப் பார்த்தால் நோயாளி, மருத்துவரின் வாக்கைப் பார்த்தால் சுகமானவர். ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்று லூத்தர் சொல்வதன் கரு இங்கே இருக்கிறது.

சரி, தேரிக்காடு அண்ணன் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். இறையியல் கல்லூரியில் படிக்கிறேன், இது என் பாடம்.

கிரேக்கத்தில் இப்படி முடியும் வினைகள் பெரும்பாலும் 'ஆக்கு' என்ற பொருள்தான் தரும். குருடாக்கு, அடிமையாக்கு எல்லாம் அந்த வகை. ஆனால் குணத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் பொருள் நகரும். 'தகுதி' என்ற சொல்லிலிருந்து வரும் 'அக்ஸியோ' என்றால் தகுதியுள்ளவன் என்று கருதுவது. டிக்காயோவும் அந்தப் பக்கம்தான். லூக்கா 7:29-இல் ஆயக்காரர் தேவனை 'டிக்காயோ' செய்கிறார்கள். தேவனை யாராவது நீதியுள்ளவராக மாற்ற முடியுமா? நம் தமிழ் வேதாகமமும் அங்கே சரியாக "தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்" என்கிறது.

பழைய ஏற்பாட்டு எபிரெயத்திலும் இது கோர்ட் சொல். உபாகமம் 25:1-இல் நியாயாதிபதிகள் "நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும்" தீர்க்க வேண்டும்.

இனி நீதிமொழிகள் 17:15 எடுங்கள். "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும்" கர்த்தருக்கு அருவருப்பு. துன்மார்க்கன் ஒருவனை நிஜமாகவே திருத்தி நல்லவனாக்கினால் அது எப்படி அருவருப்பாகும்? லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய்த்தீர்ப்புச் சொல்வதைத்தான் வசனம் கண்டிக்கிறது. அப்புறம், நாமே பேசும்போது "என்னைக் குற்றவாளியாக்கிட்டாங்களே" என்கிறோம். அங்கே யாரும் நம்மைக் கொண்டு குற்றம் செய்ய வைக்கவில்லை, பெயர் மட்டும் கட்டிவிட்டார்கள். ஆகவே தமிழ் 'ஆக்கு' சோற்றுப்பானையிலும் வேகும், நியாயஸ்தலத்திலும் பேசும்.

தேரிக்காடு:

தங்கச்சி, "குற்றவாளியாக்கிட்டாங்க" ஒன்று போதும், அடுத்த ஞாயிறு நான் தப்பித்தேன். ஆனால் புதிதாக ஒரு பயம் வருகிறது. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்கிறது. ரோமர் 4:5 தேவனையே "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்கிறது. ஜட்ஜ் செய்தால் லஞ்சம், தேவன் செய்தால் கிருபையா? அந்தப் பையன் இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் நான் காலி.

கிரேக்கக்காரி:

பவுல் வேண்டுமென்றேதான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். கேட்பவருக்குத் தூக்கிவாரிப்போட வேண்டும். அவருடைய விடை ரோமர் 3-இன் கடைசிப் பகுதியில், கிறிஸ்துவின் இரத்தத்தைப் பற்றிய வரிகளில் இருக்கிறது. குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்ட தீர்ப்பு அல்ல, விலை கொடுக்கப்பட்ட தீர்ப்பு என்பது அந்த விடை. அது போதுமா என்று கேட்டால் அதற்கு ஒரு நூலகமே இருக்கிறது.

மணியோசை:

தங்கச்சி நன்றாகப் படிக்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் போதனையைப் பாதிப்பேர் தப்பாகவே சொல்கிறார்கள், அதையும் கேளுங்கள்.

லூத்தர் தரப்புக்குப் பதிலாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13-இல் நீதியாக்கப்படுதல் பற்றி வெளியிட்ட ஆணையில் 16 அதிகாரங்கள், 33 விதிகள். முதல் விதியே என்ன தெரியுமா? கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதர் நீதியாக்கப்பட முடியும் என்பவர் சபிக்கப்படுக. இதை உங்கள் பிரசங்கியார்கள் யாரும் வாசிப்பதில்லை, விசுவாசத்தினால் மட்டுமே என்பவரைச் சபிக்கும் ஒன்பதாம் விதியை மட்டும் வாசிப்பார்கள். எட்டாம் அதிகாரம் விசுவாசத்தை மனித மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர் என்கிறது. வேர் மட்டுமே மரம் அல்ல என்பதுதான் எங்கள் பேச்சு. அன்பு இல்லாத விசுவாசம் யாரையும் நீதியாக்காது.

இன்னொன்று. 'மட்டும்' என்ற சொல் ரோமர் 3:28-இல் கிடையாது. 1522-இல் லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது சேர்த்தார். "விசுவாசத்தினால் மட்டும்" என்று பைபிளில் வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கேயும் "மாத்திரமல்ல" என்றுதான் வருகிறது.

பழஞ்சுவடி:

அம்மா சொல்வது சரி. ஆனால் தேரிக்காடு மேலே எழுதிய வசனத்தை இன்னொரு தடவை பாருங்கள். "விசுவாசத்தினாலேயே." அந்தக் கடைசி ஏகாரம் கிரேக்கத்தில் எங்கே இருக்கிறது? நம் இலக்கணத்தில் அதைப் பிரிநிலை என்பீர்களோ தேற்றம் என்பீர்களோ, லூத்தர் ஒரு முழுச் சொல் போட்டுச் செய்ததைத் தமிழ் ஒரே ஓர் எழுத்தில் செய்துவிட்டது. ஜெர்மானியர் அந்தச் சொல்லுக்காக அவரைக் கிழித்தார்கள். "ஒன்றை இல்லை என்றும் மற்றதை ஆம் என்றும் சொல்லும்போது எங்கள் மொழி இப்படித்தான் பேசும், தாயிடமும் சந்தையில் நிற்பவனிடமும் கேட்டுப் பார்" என்ற ரீதியில் 1530-இல் ஒரு திறந்த மடல் எழுதிச் சமாளித்தார். நம் ஏகாரத்துக்கு யாரும் மடல் எழுதவில்லை.

குறுக்குக்கேள்வி:

எல்லாம் சரி. பவுல் ஒன்று சொல்கிறார், யாக்கோபு நேர் எதிராகச் சொல்கிறார். இரண்டு பேரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். இதை யாரும் தொடமாட்டேன் என்கிறீர்களே?

கிரேக்கக்காரி:

தொட்டால் போகிறது. பவுல் எடுப்பது ஆதியாகமம் 15, ஆபிரகாம் வாக்குத்தத்தத்தை நம்பிய நாள். யாக்கோபு அதே வசனத்தோடு 22-ஆம் அதிகாரத்தைச் சேர்க்கிறார், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாள். நடுவில் பல வருடங்கள். யாக்கோபு தாக்கும் விசுவாசம் பிசாசுகளுக்கும் இருக்கிற வகை, "தேவன் ஒருவர் உண்டு" என்று ஒத்துக்கொள்வதோடு சரி. பவுல் அதை விசுவாசம் என்றே சொல்லமாட்டார். இது எனக்குப் போதுமானதாகப் படுகிறது, லூத்தருக்குப் போதவில்லை. யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதிவிட்டார். அவருடைய பெரிய சறுக்கல்களில் அது ஒன்று.

வழிப்போக்கன்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் வைணவக் குடும்பம். நீங்கள் பேசுவதைப் படித்தால் எங்கள் வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கிறது. வடகலையார் குரங்குக்குட்டி என்பார்கள், குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டி என்பார்கள், தாயே கவ்வித் தூக்கிக்கொண்டு போகும், குட்டி சும்மா தொங்கினால் போதும். லூத்தர் தென்கலையா?

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி, இதே ஒப்பீட்டை ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் போன நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். யாருடைய முயற்சி என்ற அளவில் ஆம், லூத்தர் பூனைதான். திரெந்து குரங்கு என்று சொன்னால் மணியோசை அம்மா கோபிப்பார். முதலில் தூக்குவது தாய், அதன்பின் குட்டி சம்மதித்துப் பற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறோம். இரண்டு குட்டிக்கும் வழக்கு கிடையாது. தாய் குட்டியை எதற்காகவும் விசாரிப்பதில்லை. பவுலின் கேள்வி கூண்டில் நிற்கிறவனைப் பற்றியது. தூக்குவது யார் என்பதோடு, தீர்ப்பு என்ன, அது எதன் பேரில் என்பதும் அதில் சேர்கிறது.

குறுக்குக்கேள்வி:

இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியதே இல்லையா? பேசாமலா சபித்துக்கொண்டார்கள்?

பழஞ்சுவடி:

பேசினார்கள், அதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். 1541, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஏற்பாடு. ஒரு பக்கம் சீர்திருத்தக்காரர்கள் மெலாங்க்டன், புட்சர், பிஸ்டோரியஸ். மறுபக்கம் கத்தோலிக்கர்கள் எக், குரோப்பர், ஃப்ளூக். போப்பின் தூதராகக் கர்தினால் கொன்தாரினி. மற்ற விஷயங்களில் முட்டிக்கொண்டவர்கள் நீதிமானாக்குதலில் ஒத்துப்போய்விட்டார்கள்! அங்கே இருந்த இளம் சீர்திருத்தக்காரர் கால்வின், எதிர்த்தரப்பு இவ்வளவு விட்டுக்கொடுத்ததே என்று ஆச்சரியப்பட்டு நண்பர் ஃபாரெலுக்குக் கடிதம் எழுதினார்.

கொன்தாரினி ஏன் சம்மதித்தார்? அவருடைய பழைய கடிதங்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. 1511-இல் இருபத்தேழு வயது வெனிஸ்காரர். நெருங்கிய நண்பர் துறவு பூண்டு மலைக்குப் போய்விட்டார், நாமும் போகாவிட்டால் கரைசேர மாட்டோமோ என்று மனம் அரித்துக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்யப் போனார். அங்கே ஒரு துறவியோடு பேசியபின் அவருக்கு உறைத்தது இது: எவ்வளவு தவம் செய்தாலும் என் பாவத்துக்கு ஈடாகாது, கிறிஸ்துவின் பாடுகள் போதும், இனி நிம்மதியாகத் தூங்கலாம். லூத்தரின் கதவு திறந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சில வருடம் முன்னால், இத்தாலியில், பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்திலேயே இது நடந்தது.

ஒப்பந்தம் நிற்கவில்லை. பழைய துணியில் புதுத்துண்டு ஒட்டுப்போட்டது என்று லூத்தர் சொல்லிவிட்டார், ரோமும் ஏற்கவில்லை. அடுத்த வருடமே கொன்தாரினி இறந்துபோனார்.

மணியோசை:

இதை நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நன்றி. திரெந்திலும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லூத்தர் இருந்த அதே அகுஸ்தீன் சபையின் தலைவர் செரிப்பாந்தோ, நமக்குள் இருக்கும் நீதி கடைசித் தீர்ப்பில் போதாது, கிறிஸ்துவின் நீதியும் வந்து கைகொடுக்க வேண்டும் என்று வாதாடித் தோற்றார். இயேசு சபையின் லாய்னெஸ் எதிர்த்துப் பேசினார்.

தாடிக்கதையும் உண்டு. 1546 ஜூலை 17. விசுவாசத்துக்கு அதிக இடம் கொடுத்துப் பேசிய லா காவா ஆயர் சான்ஃபெலிச்சேயைப் பற்றி, கிரேத்தாத் தீவின் (கிரீட்) ஆயர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் இகழ்ச்சியாக ஏதோ சொன்னார். அது காதில் விழ, இவர் போய் அவருடைய தாடியைப் பிடித்து இழுத்துவிட்டார். முடி கையோடு வந்தது. ஆயரை மடத்தில் அடைத்து, கொஞ்ச நாளில் மன்னித்து அனுப்பினார்கள். எதைப் பற்றிப் பேசும்போது? மன்னிப்பைப் பற்றி!

மட்டுறுத்துநர்:

இங்கே தாடி இழுக்கத் தடை உண்டு. இழைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கிரேக்கக்காரி:

:) ஒரு விஷயம் விடுபடக்கூடாது. பவுலின் கேள்வி லூத்தரின் கேள்விதானா என்றே இப்போது பலர் சந்தேகப்படுகிறார்கள். 1963-இல் கிறிஸ்டர் ஸ்டெண்டால், மனச்சாட்சி உறுத்தித் தூக்கம் வராத துறவியைப் பவுலுக்குள் நாம் ஏற்றிப் படிக்கிறோம் என்றார். பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நியாயப்பிரமாணத்தின் நீதியின்படி குற்றஞ்சாட்டப்படாதவன் என்றல்லவா சொல்கிறார்? 1977-இல் ஈ. பி. சாண்டர்ஸ், அந்தக் கால யூதர்கள் கிரியையால் சொர்க்கம் வாங்கப் பார்த்தவர்கள் அல்ல, அவர்களும் கிருபையில்தான் தொடங்கினார்கள் என்று காட்டினார். ஜேம்ஸ் டன்னும் என். டி. ரைட்டும் அதிலிருந்து நகர்ந்து, 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' என்று பவுல் சொல்வது முக்கியமாக விருத்தசேதனம், உணவு, ஓய்வுநாள் போன்ற அடையாளங்களை என்றார்கள். கலாத்தியர் 2-ஐப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் இலையை விட்டு எழுந்து தனியாக உட்கார்ந்தார். அந்தப் பந்தியைச் சொல்லிக் கண்டிக்கும் இடத்தில்தான் நீதிமானாக்கப்படுதல் என்ற பேச்சையே பவுல் எடுக்கிறார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி அது. நம் ஊரில் அதை விளக்கவே வேண்டாம்.

எனக்கு இவர்கள் சொல்வதில் பாதி சரி. பந்தியிலிருந்து தொடங்கினாலும் ரோமர் 4-இல் பாவமன்னிப்புக்குத்தான் பவுல் வந்து சேர்கிறார்.

குறுக்குக்கேள்வி:

1999-இல் எல்லாம் தீர்ந்துவிட்டது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று எங்கேயோ படித்தேனே?

மணியோசை:

1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க், புனித அன்னாள் ஆலயம். கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக ஐக்கியமும் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை, 44 பத்திகள். அருளால் மட்டுமே, நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கடவுளால் ஏற்றுக்கொள்ளப்பட்டுத் தூய ஆவியாரைப் பெறுகிறோம், அந்த ஆவியார்தான் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அனுப்புகிறார் என்று இருவரும் சேர்ந்து சொல்கிறோம். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் ஐக்கியமும் சேர்ந்தார்கள்.

பழஞ்சுவடி:

நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்த உலக ஐக்கியத்தில் உறுப்பினர். ஆனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடிப்படை உண்மைகளில் ஒப்புதல், மிச்சமுள்ள வேறுபாடு சபிக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான் அறிக்கை சொல்வது. ஜெர்மானியப் பேராசிரியர்கள் பலர் எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். அமெரிக்காவின் மிசூரி சினாடு லுத்தரன்கள் இன்றைக்கும் ஏற்கவில்லை. 'நீதிமானும் பாவியும் ஒன்றாக' என்பதை இரண்டு பக்கமும் வேறு வேறாகத்தான் விளக்குகிறார்கள்.

மணியோசை:

போகிற போக்கில் ஒன்று. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வந்த எங்கள் திருவிவிலியத்தில் 'நீதிமானாக்கு' இல்லை. 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்றுதான் வரும். ஆக்குதல் பக்கம் நிற்கும் நாங்கள் 'ஏற்பு' என்று வாசிக்கிறோம். தீர்ப்புத்தான் என்று வாதாடும் நீங்கள் 'ஆக்கு' என்று வாசிக்கிறீர்கள்.

கிரேக்கக்காரி:

அக்கா!! இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன்.

தேரிக்காடு:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடிந்தது. "குற்றவாளியாக்கிட்டாங்க" எடுபட்டது, பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் துணிந்து ஒரு படி மேலே போய், தத்து எடுப்பதைச் சொன்னேன். பத்திரத்தில் கையெழுத்து விழுந்த நிமிஷம் பிள்ளையின் ரத்தம் மாறுவதில்லை, முகம் மாறுவதில்லை. ஆனால் அது நடிப்பு இல்லை, அந்த வீட்டுப் பிள்ளைதான். பழக்கவழக்கம் அப்புறம் மெல்ல வரும். இது கால்வினா லூத்தரா தெரியாது, எனக்குத் தோன்றியது.

பின்வரிசைக்காரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ தேவன் சொன்னா அரிசி சோறாயிரும்ல அண்ணே? வெளிச்சம் உண்டாகக்கடவதுன்னு சொன்னதும் உண்டாச்சே?" என்றான்.

பழஞ்சுவடி:

தேரிக்காடு, அவனைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் இறையியல் கல்லூரிக்கு அனுப்பிவிடாதீர்கள். கெடுத்துவிடுவார்கள்.

கிரேக்கக்காரி:

ஐயா!